ஒளியை எண்ணும் இரு காமிராக்கள்

சென்ற மாதம் தமிழாசிரிய நண்பர் ஒருவர் துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். பையினுள் இரண்டு பழைய காமிராக்கள் இருந்தன. ஒன்று வெள்ளி நிறம், மற்றது கறுப்பு. பழைய கருவிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரும்படி சொல்லிக் கொடுத்தாராம். பள்ளியில் ஒளிப்படக் கழகம் ஒன்று தொடங்க வேண்டும் என்பது நண்பரின் ஆவல். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதற்கென ஒதுக்கிய தொகையோ ஒரு காமிராவுக்கும் ஒரு வில்லைக்கும் மட்டுமே போதும். அதே காமிராவைக் கொண்டு இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். பள்ளி அலமாரியில் செல்லரித்துக் கொண்டிருக்கும் பழைய ஆண்டு மலர்களைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் காப்பாற்ற வேண்டும். இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் அவை பொடியாகிவிடும் என்றார். “ஐயா, இரண்டில் எதை எடுக்கலாம்? கைப்பேசியே போதும் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

கைப்பேசி படம் எடுக்கும், நன்றாகவே எடுக்கும். ஆனால் துளை, மூடுதிரை, ஒளியளவு ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை மாணவன் தன் விரலால் திருகி உணர்வதற்குக் கைப்பேசியில் வழி குறைவு. ஆகவே கழகத்திற்குக் காமிரா வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்தக் காமிரா என்பதே கேள்வி. அவ்விரண்டும் என்னென்ன என்று பார்த்தவுடன் எனக்குச் சற்று மகிழ்ச்சியும் உண்டாயிற்று. வெள்ளி நிறத்தது கேனன் ஈ.ஓ.எஸ். 300டி. கறுப்பு நிறத்தது நிக்கான் டி70. ஒளிப்படக் கலையின் அண்மைக்கால வரலாற்றில் இவற்றைவிடப் பொருத்தமான எதிராளிகள் அரிது. அரையாண்டு இடைவெளியில் பிறந்தவை. ஏறத்தாழ ஒரே விலை. ஒரே அளவு படப்புள்ளிகள். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணமோ வேறு வேறு.

மேலே செல்லுமுன் சொல் பற்றி ஒரு வார்த்தை. ‘புகைப்படம்’ என்ற சொல் நம்மிடையே நன்கு ஊன்றிவிட்டது. ஆயினும், ‘இதில் புகை எங்கே இருக்கிறது?’ என்று மாணவன் கேட்டுவிட்டால் விடை கூறுவது எளிதன்று. ‘நிழற்படம்’ என்பாரும் உளர். ஒளியால் வரையப்படுவது என்ற பொருள் பட ‘ஒளிப்படம்’ என்பதையே நான் ஆள்கிறேன். இக்கட்டுரையில் பேசப்படும் கருவிகளில் ஒளி எண்ணாக மாற்றப்படுவதால் அச்சொல் இன்னும் பொருந்துகிறது.

விலை இறங்கிய கதை

பழைய படச்சுருள் காமிராவில் வில்லையின் பின்னே சாய்வான கண்ணாடி ஒன்று உண்டு. வில்லை வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலெழும், திரை திறக்கும், ஒளி சுருளில் விழும். வில்லையை வேண்டும்போது கழற்றி மாற்றலாம். இந்த அமைப்பில் சுருள் இருந்த இடத்தில் ஒளியுணரும் சில்லு ஒன்றை வைத்ததே இலக்கமுறைக் காமிரா.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1991-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3 காமிராவின் முதுகில் சில்லைப் பொருத்தி விற்றபோது, அதில் பதின்மூன்று இலட்சம் படப்புள்ளிகளே இருந்தன. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் தொங்கவிட்டுக் கொண்டு நடக்க வேண்டும். 1999-இல் நிக்கான் டி1 வந்தது. செய்தியாளர்கள் ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் அதன் விலை ஐயாயிரம் அமெரிக்க வெள்ளிக்கும் மேல். 2000-இல் கேனன் டி30 ஏறத்தாழ மூவாயிரம் வெள்ளிக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த கேனன் 10டி 1,499 வெள்ளி. அப்பொழுதும் ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்தில் வாங்கக்கூடிய பொருளாக அது இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேனன் நிறுவனம் 300டியை அறிவித்தது. காமிரா மட்டும் 899 அமெரிக்க வெள்ளி. 18-55 மில்லிமீட்டர் வில்லையோடு 999. ஆயிரம் வெள்ளிக்குக் குறைந்த விலையில் வில்லை மாற்றும் இலக்கமுறைக் காமிரா கிடைப்பது அதுவே முதல் முறை. ஜப்பானில் ‘கிஸ் டிஜிட்டல்’ என்றும், வட அமெரிக்காவில் ‘டிஜிட்டல் ரெபல்’ என்றும் அது விற்கப்பட்டது. ஓர் ஊரில் முத்தம், ஓர் ஊரில் கலகக்காரன்! விற்பனைக்காரர்களின் கற்பனை அப்படி.

நிக்கான் சும்மா இருக்கவில்லை. 2004 ஜனவரியில் டி70ஐ அறிவித்தது. காமிரா 999 வெள்ளி. 18-70 மில்லிமீட்டர் வில்லையோடு 1,299. முன்னூறு வெள்ளி கூடுதல் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அதுதான் இனி நாம் காண வேண்டியது.

சில்லின் உள்ளே

முதலில் எல்லோரும் கேட்பது படப்புள்ளி எத்தனை என்பதே. 300டியின் படம் அகலத்தில் 3072 புள்ளி, உயரத்தில் 2048 புள்ளி. டி70இல் 3008, 2000. முன்னது அறுபத்து மூன்று இலட்சம். பின்னது அறுபது இலட்சம். அகலத்தில் அறுபத்து நான்கு புள்ளி வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் இரண்டுமே ஏறக்குறைய பத்து அங்குல அகலத்திற்கு நிற்கும். பள்ளி மலரின் முழுப் பக்கத்திற்கு அது போதும். இன்றைய கைப்பேசிகளின் ஐந்நூறு இலட்சம் புள்ளியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அறுபது இலட்சம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இக்காமிராச் சில்லின் பரப்பு பெரிது: கேனனில் 22.7க்கு 15.1 மில்லிமீட்டர், நிக்கானில் 23.7க்கு 15.6. புள்ளி குறைவு, நிலம் அதிகம். ஆதலால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளியும் அதிகம்.

எண்ணிக்கையில் ஒன்றாக நிற்கும் இவை, எண்ணும் முறையில் பிரிகின்றன. கேனன் வைத்திருப்பது தானே செய்த சீமாஸ் வகைச் சில்லு. நிக்கான் வைத்திருப்பது சோனி நிறுவனம் செய்த சி.சி.டி. வகைச் சில்லு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க நம் ரப்பர்த் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பால்மரத்தின் அடியிலும் ஒரு மங்கு கட்டியிருக்கிறது. விடியற்காலையில் மரத்தை வெட்டிவிட்டால், பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழும். குறித்த நேரம் ஆனதும் மங்குகளில் சேர்ந்த பாலை அளக்க வேண்டும். சில்லிலும் அப்படியே, ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு மங்கு. அதில் விழுவது ஒளி, சேர்வது மின்னூட்டம். எந்த மங்கில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுதிய பேரேடுதான் படம்.

சி.சி.டி. முறையில் பால் அனைத்தும் வாளி வாளியாக, வரிசை குலையாமல், ஒரே கொட்டகைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அங்கே ஒரே தராசு. ஒரே தராசில் நிறுப்பதால் மரத்திற்கு மரம் அளவை மாறுபாடு இல்லை. ஆனால் சுமந்து செல்லும் வேலை மிகுதி. அதற்கு மின்சாரச் செலவும் மிகுதி. சீமாஸ் முறையிலோ ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சிறு தராசு வைத்திருக்கிறார்கள். பாலைச் சுமக்க வேண்டியதில்லை. எடைச் சீட்டை மட்டும் அனுப்பினால் போதும். சிக்கனமான வழி. ஆனால் அறுபது இலட்சம் தராசுகளும் ஒன்றுபோல் நிறுக்குமா? நிறுக்கா. ஒன்று சற்றுக் கூட்டும், ஒன்று சற்றுக் குறைக்கும். அந்த ஏறுமாறுதான் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சல்.

இக்குறையைக் கேனன் பொறியாளர்கள் களைந்த விதம் அழகானது. மங்கைக் காலியாக ஒரு முறை நிறுத்து, பாலுடன் ஒரு முறை நிறுத்து, இரண்டையும் கழித்தார்கள். தராசின் தனிப்பட்ட குற்றம் இரண்டு நிறுவையிலும் ஒன்றாகவே இருக்குமாதலால், கழிக்கும்போது அது மறைந்து போகிறது. 300டி, ஐ.எஸ்.ஓ. 800, 1600 ஆகிய உயர்ந்த ஒளியளவுகளிலும் வழவழப்பான படம் தந்தது இதனாலேயே. நிக்கானின் படம் அந்நிலையில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அச்சொரசொரப்பு பழைய படச்சுருளின் மணிகளை ஒத்திருப்பதால் பலர் அதைக் குறையாகக் கருதவில்லை. எனக்கும் அதில் குறை தெரியவில்லை. ஆனால் இரவில் விண்மீன்களைப் படம் பிடிப்பவர்கள் உடன்பட மாட்டார்கள். பல நிமிடம் திறந்து வைத்தால் டி70இன் படத்தில் ஒரு மூலையில் ஊதா ஒளி படர்ந்து நிற்கும். சில்லின் அருகிலுள்ள மின்பெருக்கியின் வேலை அது. வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர் பலர் 300டியை நாடியதற்கு இது ஒரு காரணம்.

அப்படியாயின் சி.சி.டி.க்கு நன்மையே இல்லையோ எனின், உண்டு. டி70இல் உள்ள சில்லில் ஒவ்வொரு மங்கின் பக்கத்திலும் மூடியிட்ட கலம் ஒன்று இருக்கிறது. ஒரே கணத்தில் எல்லா மங்கிலுள்ள பாலையும் அக்கலங்களில் கவிழ்த்துவிடலாம். கவிழ்த்த அந்தக் கணத்திலேயே ஒளி வாங்கல் முடிந்துவிடுகிறது. திரை மூட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சில்லே திரையாகிவிடுகிறது! இதனால் இரண்டு பயன்கள். முதலாவது, நொடியில் 8000இல் ஒரு பங்கு வரை வேகம் கிடைத்தது. 300டியில் 4000இல் ஒரு பங்குதான். இரண்டாவது பயனே சிறந்தது. அதைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

காமிராவின் மூடுதிரை உண்மையில் இரண்டு திரைகள். முதல் திரை விலகித் திறக்கிறது. இரண்டாவது பின்னால் வந்து மூடுகிறது. வேகம் கூடக்கூட, முதல் திரை முழுவதும் விலகுமுன்னே இரண்டாவது புறப்பட்டுவிடும். அப்போது சில்லின்மேல் ஓடுவது ஒரு குறுகிய இடுக்கு மட்டுமே. பிளாஷ் விளக்கோ கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னி மறைவது. இடுக்கு ஓடும்போது அது மின்னினால் படத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் ஒளி கிடைக்கும். ஆகவே திரை முழுதும் திறந்திருக்கும் வேகத்தில்தான் பிளாஷைப் பயன்படுத்த முடியும். 300டியில் அந்த எல்லை நொடியில் 200இல் ஒரு பங்கு. டி70இல் திரைகள் நிதானமாகத் திறந்து நிற்க, நேரத்தைச் சில்லே அளப்பதால், 500இல் ஒரு பங்கு வரை செல்லலாம்.

இதனால் நமக்கு என்ன? நம் நாட்டு நண்பகல் வெயிலில் விளையாட்டுப் போட்டி நடக்கிறது. பரிசு பெற்ற மாணவி வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முகம் கறுத்துவிடும், பிளாஷ் போட வேண்டும். தெளிந்த வெயிலில் துளை எண்ணை 16இல் வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் அளவு நேரம் சரியாக இருக்கும் என்பது பழைய விதி. 300டியில் ஐ.எஸ்.ஓ. 100 உண்டு, 200இல் ஒரு பங்கு நேரத்திற்குத் துளை எண் 11 ஆகிறது. டி70இன் மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ. 200, 500இல் ஒரு பங்கு நேரத்திற்குத் துளை எண் ஏறத்தாழ 10. விளம்பரத் தாளைப் பார்த்தவர் நிக்கானில் துளையை மிக அகலமாகத் திறந்து பின்னணியைக் கரைத்துவிடலாம் என்று எண்ணுவார். கணக்கோ 11க்கும் 10க்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுகிறது! ஆனால் அவசரப்பட வேண்டாம். துளை ஒன்று போல இருப்பினும், டி70இல் ஐ.எஸ்.ஓ. இருமடங்கு, ஆகவே பிளாஷ் தர வேண்டிய ஒளி இரண்டரை மடங்கு குறைவு. சிறு விளக்கு, தொலைவிலுள்ள முகம் வரை எட்டும். நன்மை இருக்கிறது, ஆனால் நாம் தேடிய இடத்தில் இல்லை. ஐந்தாம் படிவ மாணவர்க்கு இக்கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்; நல்ல பயிற்சி.

மறைத்து வைக்கப்பட்டவை

இனி, என் மனத்தைச் சற்று உறுத்திய செய்திக்கு வருகிறேன். 300டியின் உள்ளே இருந்த சில்லு, 1,499 வெள்ளிக்கு விற்ற 10டியில் இருந்த அதே வகைச் சில்லு. அதே நிறுவனம், அதே ஆண்டு. ஒரே மாதிரியான படத்தை அறுநூறு வெள்ளி குறைத்து விற்றால், விலை கூடிய காமிராவை யார் வாங்குவார்? ஆகவே உடலைப் பிளாஸ்டிக்கினால் செய்தார்கள். ஐந்து பட்டகக் கண்ணாடிக்குப் பதில் ஆடிகளைப் பொருத்தினார்கள். இவை நியாயமான சிக்கனம். அத்தோடு நிற்கவில்லை. காமிராவால் செய்ய முடிந்த சில வேலைகளையும் செய்ய முடியாதபடி பூட்டி வைத்தார்கள்.

ஒளியளக்கும் முறையை நாம் தேர்ந்தெடுக்க 300டியில் இடமில்லை. பொதுவாக முழுப் படத்தையும் பகுதி பகுதியாக அளக்கும். நாமே துளையும் நேரமும் வைத்தால் நடுப்பகுதிக்கு முதன்மை தந்து அளக்கும். ஒளியளவைப் பூட்டும் பொத்தானை அழுத்தினால் மட்டும் நடுவிலுள்ள ஒன்பது விழுக்காட்டுப் பரப்பை அளக்கும். குவியத்திலும் இதே கதை. அசையும் பொருளைத் தொடர்ந்து குவியப்படுத்து என்று நாம் கட்டளையிட முடியாது. விளையாட்டுக்கென உள்ள தானியங்கி முறைக்குச் சென்றால் மட்டும் அது நடக்கும். அங்கே சென்றாலோ மற்ற உரிமைகள் எல்லாம் போய்விடும். பிளாஷின் ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. திருகும் சக்கரமும் ஒன்றே.

இவையெல்லாம் கருவியின் இயலாமை என்றே பலரும் நம்பினர். பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. காமிராவை இயக்கும் உள்நிரலை ஆர்வலர் சிலர் ஆராய்ந்து மாற்றியமைத்து வெளியிட்டார்கள். அதை ஏற்றியவுடன் பிளாஷ் ஒளியைத் திருத்தும் வசதி வந்தது, ஐ.எஸ்.ஓ. 3200 வந்தது, படம் எடுக்குமுன் ஆடியை மேலே நிறுத்தி வைக்கும் வசதியும் வந்தது. புதிதாக ஒரு திருகாணியும் சேர்க்கப்படவில்லை. வீட்டில் இருந்த அறைகளின் பூட்டு திறக்கப்பட்டது, அவ்வளவே. விலைக்கு ஏற்ற பொருள் தருவது வாணிகம். பொருளைத் தந்துவிட்டு அதன் பாதியைப் பூட்டி வைப்பதை என்னென்று சொல்வது? இப்பழக்கம் பிற்காலத்தில் எத்தனையோ கருவிகளில் பரவிவிட்டது. அன்றைக்கு அது புதிதாக இருந்தபடியால் மக்கள் வியந்தனர்.

நிக்கான் இந்த இடத்தைத்தான் குறி வைத்தது. டி70இல் முதன்மை விரலுக்கு ஒரு சக்கரம், கட்டை விரலுக்கு ஒரு சக்கரம். ஒன்றில் நேரம், ஒன்றில் துளை. ஒளியளக்கும் முறை மூன்று. அவற்றுள் ஒன்று படத்தின் நூற்றில் ஒரு பங்கை மட்டும் அளப்பது. பள்ளி ஆண்டு விழாவில் கருந்திரைக்கு முன்னே மாணவி ஆடும்போது, அவள் முகத்தை மட்டும் அளந்து படமெடுக்க இது எவ்வளவு உதவும் என்பதை மேடைப் படம் எடுத்தவர் அறிவர். குவிய முறையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். தனித்து வைக்கப்பட்ட பிளாஷ் விளக்கைக் கம்பியின்றி மின்னச் செய்யும் ஆற்றலும் காமிராவிலேயே உண்டு.

வேகமோ இன்னும் பெரிய வேறுபாடு. 300டியின் சாவியைத் திருப்பினால் அது விழித்தெழச் சுமார் மூன்று நொடி ஆகும். ஓட்டப்பந்தயத்தில் மூன்று நொடி என்பது என்ன? பையன் கோட்டைத் தாண்டிவிடுவான். டி70 திருப்பியவுடனே ஆயத்தம். தொடர்ந்து எடுத்தால் 300டி நான்கு படத்தோடு மூச்சு வாங்க நின்றுவிடும். டி70 சுருக்கிச் சேமிக்கும் படங்களாயின், வேகமான அட்டையில் நூற்றைக் கடந்தும் நொடிக்கு மூன்று வீதம் எடுத்துக்கொண்டே போகும்.

இந்தப் போட்டியின் பயனைப் பின்வந்தவர்கள் அனுபவித்தனர். 2005-ஆம் ஆண்டில் கேனன் 350டியை வெளியிட்டபோது, விழித்தெழும் நேரம் மறைந்தது. அளக்கும் முறையும் குவிய முறையும் நம் கைக்கு வந்தன. பூட்டிய அறைகளைப் போட்டி திறந்துவிட்டது.

வில்லையும் துணி இழையும்

மாற்றத்தக்க வில்லை என்பதே இக்காமிராக்களின் சிறப்பு. ஆகையால் பழைய காமிரா வாங்குவோர் பழைய வில்லை எது பொருந்தும் என்று பார்த்தே ஆகவேண்டும். கேனன் 1987-இல் தன் பழைய பிணைப்பைக் கைவிட்டுப் புதிய பிணைப்புக்கு மாறியது. குவியப்படுத்தும் மோட்டார் ஒவ்வொரு வில்லையின் உள்ளேயே இருக்கும். நிக்கானோ 1959-ஆம் ஆண்டுப் பிணைப்பை விடாமல் வைத்துக்கொண்டது. பல வில்லைகளில் மோட்டார் கிடையாது, காமிரா உடலில் உள்ள மோட்டாரே அவற்றைத் திருப்ப வேண்டும். டி70இல் அந்த மோட்டார் உண்டு. 2006-இல் வந்த டி40இல் இல்லை. எனவே ‘புதியது நல்லது’ என்று டி40ஐ வாங்கியவர், மலிவான பழைய 50 மில்லிமீட்டர் வில்லையைக் கையால் திருகிக் குவியப்படுத்த வேண்டியவராவார்.

காமிராவோடு வந்த வில்லைகளை ஒப்பிட்டால் நிக்கானின் 18-70 தெளிவாக மேலானது. கட்டுமானம் உறுதி, தொலைவு முனையில் துளை எண் 4.5, கேனன் 18-55இல் அது 5.6. சில்லுகள் படச்சுருளைவிடச் சிறியவை என்பதால், பார்வை கேனனில் 1.6 மடங்கும் நிக்கானில் 1.5 மடங்கும் குறுகும். 18 மில்லிமீட்டர் வில்லை கேனனில் பழைய 29க்கும் நிக்கானில் 27க்கும் ஒப்பாகும். முப்பத்தைந்து மாணவரை வகுப்பறைச் சுவர் வரை பின்வாங்கிப் படமெடுக்கும் ஆசிரியருக்கு அந்த இரண்டு மில்லிமீட்டரும் அருமையே.

இப்போது நிக்கானின் குறையைச் சொல்ல வேண்டும். சில்லின்மீது மெல்லிய வடிகட்டி ஒன்று வைப்பார்கள். மிக நுண்ணிய இழைகளைச் சிறிதே மழுக்கிவிடுவது அதன் பணி. மழுக்காவிட்டால் என்ன ஆகும்? பட்டுச் சேலையின் நெருங்கிய ஊடும் பாவும் சில்லின் புள்ளிக் கட்டங்களோடு மோதி, சேலையில் இல்லாத அலையலையான வண்ணக் கோலத்தைப் படத்தில் உண்டாக்கும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அசைத்தால் நெளிநெளியாக ஓடும் கோலத்தைக் கண்டிருப்பீர்கள்; அதுவே இது. டி70இல் இவ்வடிகட்டியின் வலுவைக் குறைத்து வைத்தார்கள். படம் கூர்மையாக வந்தது. கூடவே கோலமும் வந்தது. திருமணப் படம் எடுத்தவர்கள் மணப்பெண் சேலையில் நீலமும் மஞ்சளும் நெளிவதைக் கண்டு திகைத்தார்கள். 300டியின் படம் முதற்பார்வைக்கு மென்மையாக இருக்கும். ஆனால் இத்தொல்லை அதில் குறைவு.

மற்றவை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டிலும் பின்புறத் திரை 1.8 அங்குலம், அதைப் பார்த்துப் படம் கூர்மையா என்று தீர்மானிக்க இயலாது. கண்வைத்துப் பார்க்கும் துளை இரண்டிலும் சிறிது, மங்கல். இரண்டுமே காம்பாக்ட் பிளாஷ் அட்டையைக் கொள்வன. அது இன்னும் கிடைக்கிறது, ஆனால் தேட வேண்டும். அட்டையைக் கோணலாகச் செருகினால் உள்ளேயிருக்கும் ஊசிகள் வளைந்துபோகும் என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

தீர்ப்பு

நண்பர் கொண்டுவந்த இரண்டையும் நான் மூன்று நாளும் சோதித்தேன். வெள்ளைச் சுவரைத் துளை எண் 22இல் படமெடுத்துச் சில்லில் தூசி எவ்வளவு என்று பார்த்தேன். வில்லையைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து, சிலந்தி வலைபோல் பூசணம் படர்ந்துள்ளதா என்று பார்த்தேன்; நம் ஈரக் காற்றில் வில்லைகளின் முதல் எதிரி அதுவே. மின்கலங்கள் இரண்டும் கிழமாகிவிட்டன. புதியவை வாங்க வேண்டும்.

கழகத்திற்கு டி70ஐ எடுக்கச் சொன்னேன். கற்பவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும் கருவி வேண்டும். தவறு செய்யும் உரிமையும் அதில் அடக்கம். 300டி நல்ல படம் தரும் கருவி. ஆனால் நமக்காக அதுவே முடிவு செய்யும் இடங்கள் மிகுதி.

ஆனால் ஆண்டு மலர்கள்? அங்கேதான் சிக்கல். அக்காலத்து மலர்களில் பிளாக் எடுத்து அச்சிட்ட படங்கள் எல்லாம் சிறு சிறு புள்ளிகளால் ஆனவை. அச்சுப் புள்ளிக் கட்டமும் சில்லின் புள்ளிக் கட்டமும் சேர்ந்தால் பட்டுச் சேலையின் கதையேதான். டி70ஐக் கொண்டு ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன. ஆனால் பழைய தலைமையாசிரியரின் கறுப்பு வெள்ளை முகத்தில் வானவில் நெளிந்தது. துளை எண்ணை 22க்கு மாற்றினால் ஒளி விலகிப் பரவும் இயல்பினால் படம் சற்று மழுங்கிக் கோலமும் தணிந்தது. எழுத்தின் கூர்மையும் உடன் தணிந்தது. 300டியில் அதே பக்கத்தைத் துளை எண் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, தாங்கியில் நிறுத்தி எடுத்தபோது முகம் முகமாகவே வந்தது. ஒன்பதரை அங்குல உயரப் பக்கத்திற்கு அங்குலம் ஒன்றுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட புள்ளி கிடைக்கிறது. அடிக்குறிப்பில் உள்ள சிற்றெழுத்தும் படிக்க முடிகிறது. விழித்தெழ மூன்று நொடி ஆனால் என்ன? அறுபது ஆண்டு அலமாரியில் காத்திருந்த பக்கம் மூன்று நொடி காத்திருக்காதா?

சங்கத்தின் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றேன் அல்லவா? கறுப்பு நிறத்தது பள்ளிக்குச் சென்றது. வெள்ளி நிறத்தது என் மேசைமேல் இருக்கிறது. கடைக்காரரிடம் அதற்குரிய பணத்தை நான் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் நண்பர் இரண்டு மாணவரோடும் ஒரு கட்டு மலரோடும் வருகிறார். ஒரு மாணவன் பக்கத்தைப் புரட்டிக் கண்ணாடித் தகட்டால் அமுக்குகிறான். மற்றவன் பொத்தானை அழுத்துகிறான். இதுவரை நான்கு மலர்கள் முடிந்தன. ஐந்தாவதில் அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லை. வைத்திருப்போர் எவரேனும் இருந்தால் ஒரு நாள் இரவல் தந்தால் போதும் என்று நண்பர் கேட்டுக்கொள்கிறார்.